முப்பத்தொன்றாம் பத்தியில் உன் தம்பி

உன் மகள் வந்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. வல்லம் வடகால் கம்பெனியில் முதல் ஷிப்ட் முடித்து, கேண்டீன் சீருடையோடு அப்படியே தண்டலத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். "அம்மாவோட பொட்டிய ஒழிச்சேன் பெரியம்மா. இத்த உங்ககிட்ட குடுக்கச் சொல்லி வெச்சிருந்தாங்க" என்று ஒரு மஞ்சள் பையை நீட்டினாள். காபி போடுகிறேன் என்றேன். கம்பெனி பஸ் போய்விடும் என்று ஓடிவிட்டாள். பையின் வாயை விரித்ததும் பாச்சை உருண்டையும் குங்குமமும் கலந்த வாசனை வந்தது. உள்ளே கைவிட்டுத் தொட்டதுமே என்னவென்று தெரிந்துவிட்டது. பச்சை அட்டை, முப்பத்தெட்டு பக்கம், முதுகில் இரண்டு பின். குழுவின் அந்த அறிக்கைதான்.

இன்னும் திறக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். நீ போய்ப் பதினாறு நாள் முடிந்துவிட்டது. இனி யாரிடம் எனக்குப் பயம்? ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது. இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உனக்கு ஒரு பொய் சொன்னேன். அது பொய் என்று தெரிந்து போனாயா, தெரியாமல் போனாயா என்பது எனக்குத் தெரியாது. திறப்பதற்கு முன் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் சொன்னதையே தட்டச்சு செய்து பிழைத்தவள் நான். சொந்தமாக எழுத வராது, பொறுத்துக்கொள்.

நாம் இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே வயசு. இரண்டாம் வகுப்போடு உன்னை மாடு மேய்க்க நிறுத்திவிட்டார்கள். என் அப்பாவுக்கு என்ன வேகமோ, என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை விட்டு, காஞ்சிபுரத்தில் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொள்ள வைத்தார். பட்டணத்தில் சட்டசபைக் குழுக்களுக்கான பிரிவில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து நீ என் பெயரைச் சொன்னதே இல்லை. "ஏ டைப்பு, எப்ப வந்தே?" என்பாய். கல்யாணப் பந்தலில்கூட அத்தனை பேர் முன்னால் அப்படித்தான் கூப்பிட்டாய். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அப்படிக் கூப்பிட ஆளில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரகடம் கூட்டுரோட்டில் அப்போது ஒரு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை, சுற்றிலும் நெல். உன் தம்பி ஏழுமலைக்கு இருபத்திரண்டு வயசு, லாரியில் கிளீனர். யாருடைய வயலிலோ பம்புசெட் மோட்டாரைக் கழற்றிச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். டீக்கடையில் நின்றிருந்தவனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார்கள். அந்த ஸ்டேஷன் எதுவென்று நான் எழுதப் போவதில்லை. உனக்கும் எனக்கும் தெரியும்.

உன்னை உள்ளே விடவில்லை. வாசலிலேயே சோற்றுத் தூக்கை வாங்கிக்கொண்டார்கள். முதல் நாள் சாயங்காலம் தூக்கு காலியாக வந்தது. இரண்டாம் நாள் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனாய்; அன்றும் காலியாக வந்தது, மூடியில் முள் மட்டும் இருந்தது. மூன்றாம் நாள், கொடுத்த சோறு கொடுத்தபடியே, ஒரு பருக்கை குறையாமல் திரும்பியது. "உன் தம்பி ஓடிட்டாம்மா. ஏரிப்பக்கம் கூட்டிகினு போவசொல்ல எகிறிக் குதிச்சிட்டான்" என்று ஒரு ஏட்டு சொன்னார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நீயும் உன் வீட்டுக்காரரும் எட்டு நாள் நடந்தீர்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்கு வந்தபோது நீ அழவில்லை. மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நாலு வயசுக் குழந்தை, மாமன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நீ என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "அவன் திரும்பி வருவான்னு நான் கேக்கல டைப்பு. ஓடிட்டான்றாங்களே, அதுக்கு முன்னாடி அந்த ஸ்டேசன்ல இருந்தான்ல? அவன் பேரப் போட்டு, இங்க இருந்தான்னு ஒரு காயிதத்துல எழுதணும். கவருமெண்டு காயிதத்துல. அது போதும் எனக்கு."

எங்கள் பிரிவில் மனுக்களை விசாரிக்கும் குழு ஒன்று இருந்தது. எம்.எல்.ஏ.க்கள் பதினோரு பேர், எல்லாக் கட்சியிலிருந்தும். ஜனங்கள் யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம். நானே உன் வாயால் கேட்டு எழுதினேன். தூக்கு வந்ததும் போனதும், மூடியில் என்ன இருந்தது என்பதும், அத்தனையும். கீழே உன் கைநாட்டு. நம் குழுவுக்கு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது, பார் என்று உன்னிடம் பெருமையடித்தேன். அப்போது நான் அதை நம்பினேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை. மனு வந்தால் முதலில் சம்பந்தப்பட்ட துறையிடம் குறிப்புரை கேட்க வேண்டும். மனுவின் முழு நகலையும் இணைக்க வேண்டும், பெயர் முகவரி உட்பட. துறை அதை மேலதிகாரிக்கு அனுப்பும். அவர் மாவட்டத்துக்கு, மாவட்டம் அதற்குக் கீழே, அதற்கும் கீழே. இப்படி இறங்கி இறங்கி, யார் மேல் மனுவோ அவர் மேசைக்கே அது வந்து சேரும். பாலம் கட்டவில்லை, பென்ஷன் வரவில்லை என்கிற மனுவுக்கு இது சரி. உன் மனுவுக்கும் நான் அதையேதான் செய்தேன். "நகல் இணைக்கப்பட்டுள்ளது. இரு வாரங்களுக்குள் குறிப்புரை அனுப்பக் கோரப்படுகிறது." இரண்டு நிமிஷத்தில் அடித்துவிட்டேன். என் சிநேகிதியின் மனு முதல் தபாலிலேயே போகிறது என்று சந்தோஷம் வேறு. இதைவிட ஒரு முட்டாள்தனம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

மூன்றாவது வாரம் உன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். குழந்தையோடு காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம்வரை தரையில் உட்கார வைத்தார்கள். இதையெல்லாம் நீ எனக்குச் சொன்னது இரண்டு மாதம் கழித்துத்தான். அதுவரை நான் ஊருக்கு வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். பிறகு ஒருநாள் நீயே கிணற்றடியில் நின்று சொன்னாய்: "உன்கிட்ட சொன்னது அத்தினியும் அந்தாளு படிச்சுக் காட்னான்டி. ஒரு எழுத்து வுடல. முள்ளு சமாச்சாரம் வர்ச்சொல்ல சிரிச்சான். அப்புறம் என் கையப் புடிச்சி இன்னொரு காயிதத்துல உருட்டினாங்க. அதுல இன்னா எழுதிகீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

மன்னித்துக்கொள் என்றேன். "உன் மேல கோவம் இல்ல" என்றாய். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நாலடி நடந்து, திரும்பி நின்று, "இருந்துச்சு. இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அந்த இன்னொரு காகிதம் எங்கள் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. துறையின் பதிலோடு இணைப்பாக. பதிலில் இருந்தது இதுதான்: அப்படி ஒருவரை நிலையத்துக்கு அழைத்து வரவே இல்லை. அவர் பம்பாய்க்கு வேலை தேடிப் போனதாகக் குடும்பத்தாரே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கீழே உன் கைநாட்டு. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு குழுத் தலைவரின் அறை வாசலில் நின்றேன். டைப்பிஸ்ட் அங்கே போய் நிற்கும் வழக்கம் கிடையாது. தலைவர் நல்ல மனுஷர். மனுவையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "காஞ்சிபுரம் பக்கம் ரெண்டு பாலம் பாக்கப் போறோமில்ல, வழியில பயணியர் விடுதியில் அந்த அம்மாவையும் கேட்டுடலாம்" என்று சொன்னார். பாலங்களுக்கு நடுவில் உனக்குக் கால் மணி நேரம் கிடைத்தது.

நீ போகக் கூடாதென்று உன் வீட்டுக்காரர் சொன்னார். அவர் பயத்தில் ஒன்றும் தப்பில்லை. நீ தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாய், அவர் பின்னாலேயே வந்தார். விடுதி ஹாலில் வெள்ளைத் துணி போட்ட நீள மேசை, தட்டுகளில் பிஸ்கட், வாழைப்பழம். ஒரு பக்கம் உறுப்பினர்கள், எதிரே அதிகாரிகள், நடுவில் நீ. மூலையில் நானும் சுருக்கெழுத்து நோட்டும். நீ என்னைப் பார்க்கவே இல்லை. தெரிந்தவளென்று காட்டிக்கொள்ளாதே என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

தூக்கை மேசைமேல் வைத்தாய். எங்கள் செயலாளர், "பொருளையெல்லாம் குழு வாங்கறதில்லம்மா, காயிதம் இருந்தா குடுங்க" என்றார். தலைவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அதிகாரி அந்தக் கைநாட்டுக் காகிதத்தை நீட்டினார். இது உன் ரேகைதானா என்று கேட்டார்கள். "ரேக என்துதாங்க. வெச்சது நான் இல்லீங்க" என்றாய்.

கடைசி நாற்காலியில் இருந்த ஒரு வயசான உறுப்பினர், அதுவரை வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தவர், கேட்டார்: "ஏம்மா, நீ உள்ளயே போகல. உன் தம்பியப் பாக்கல. அவன் அங்க இருந்தான்னு எப்படிச் சொல்றே? சோத்த வேற யாராவது தின்னுருக்கலாமில்ல?"

நீ தூக்கின் மூடியைத் திறந்து கவிழ்த்து வைத்தாய். "ஏழுமல கருவாடு துன்னா முள்ளத் துப்ப மாட்டாங்க. மூடிய இப்படிக் கவுத்து வெச்சி, பெருசுலருந்து சிறுசு வரைக்கும் வரிசையா அடுக்குவான். சின்னப் புள்ளைலருந்தே அப்படித்தான், எங்கம்மா அடிச்சும் வுடல. ரெண்டா நாளு தூக்கு வந்தப்போ மூடியில முள்ளு வரிசையா இருந்துச்சுங்க. எந்தப் போலீசுக்காரருங்க அப்படி அடுக்கப் போறாரு?"

அந்த உறுப்பினர் பாதி உரித்த பழத்தைத் தட்டில் வைத்துவிட்டார். தலைவர் அந்த மூடியை எடுத்துப் பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருப்பதைப் படிப்பவர் மாதிரி. பிறகு பத்திரமாகத் தூக்கின் மேல் வைத்து உன் பக்கம் தள்ளினார். நீ சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் எடுத்தேன். கண் மறைத்ததால் இரண்டு வரி கோணலாகப் போனது. அன்று சாயங்காலம் பஸ்ஸில், ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

வரைவு அறிக்கையில் முப்பத்தொன்றாம் பத்தி உன்னுடையது. ஏழுமலை என்று பெயர் போட்டு, தூக்கு, முள் எல்லாம் சேர்த்து முக்கால் பக்கம் வந்தது. அதை நான்தான் அடித்தேன். அதன் பிறகு குழு கூடி, வரைவைப் பத்தி பத்தியாக வாசித்து ஒப்புக்கொள்ள வேண்டும். உன் பத்தி வந்தபோது ஒருவர் சொன்னார், இதில் வருவாய்க் கோட்ட அதிகாரி விசாரணைக்கு உத்தரவாகியிருக்கிறது, விசாரணை முடியாத விஷயத்தில் பெயர் போட்டு எழுதுவது மரபில்லை என்று. சாட்சியம் ரகசியம், அதை அப்படியே அறிக்கையில் எடுத்துப் போடுவதும் மரபில்லை என்றார் இன்னொருவர். யாரும் கெட்டவர்களில்லை. சத்தம்கூடப் போடவில்லை. அந்த வயசான உறுப்பினர் மட்டும் "முள்ளயாவது விட்டு வையுங்களேன்யா" என்று கேட்டுப் பார்த்தார். தலைவர் பேனாவை எடுத்து, ஏழுமலை என்பதை அடித்து, மேலே "ஒரு நபர்" என்று எழுதினார். பக்கத்து ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். எங்கள் அலுவலகத்தில் எந்தத் திருத்தத்துக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும், இல்லையென்றால் செல்லாது.

அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்தவளும் நான்தான். முக்கால் பக்கம் ஆறு வரியானது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு பெண் மனுதாரர், தன் உறவினரான ஒரு நபர் காணாமற்போனது பற்றி முறையிட்டார். துறையின் பதிலும் கேட்கப்பட்டது. கடைசியில் தனியாக ஒரு வரி: விசாரணை நிலுவையில் உள்ளதால் குழு இதனை மேற்கொண்டு வலியுறுத்த விரும்பவில்லை. அடிக்கும்போது விரல் நிற்கவில்லை. பழக்கம் அப்படி.

ஒன்று சொல்ல வேண்டும், உனக்கு அன்றும் சொன்னேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பரிந்துரை இருக்கிறது. காவல் நிலையத்தின் மேல் வரும் மனுவை அதே நிலையத்துக்கு அனுப்பக் கூடாது, மனுதாரரின் பெயரை மறைத்தே அனுப்ப வேண்டும் என்று. அது உன்னால் வந்தது. நான் ஓய்வு பெறும்வரை என் மேசை டிராயரில் வெள்ளைக் காகிதத் துண்டுகளை நறுக்கி வைத்திருந்தேன். எந்த மனுவுக்கு நகல் எடுத்தாலும், பெயர் இருக்கும் இடத்தில் ஒரு துண்டை ஒட்டித்தான் எடுப்பேன். பாலம் கேட்ட மனுவுக்கும்கூட. சூப்பிரண்டு சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அறிக்கை அச்சாகி அவையில் வைத்ததும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். கைகழுவிவிட்டு வந்து வாங்கினாய். அட்டையைத் தடவினாய். அந்தப் பரிந்துரையைச் சொன்னேன். "நல்லதாப் போச்சு, அடுத்தவளுக்காச்சும்" என்றாய். பிறகு கேட்டாய்: "அதெல்லாம் சரி. ஏழுமல பேரு எங்க கீது, காட்டு."

சொல்லியிருக்கலாம். பெயர் இல்லை, எடுத்துவிட்டார்கள், எடுத்ததை அடித்துக் கொடுத்தவள் நான் என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தொன்றாம் பத்தியைப் பிரித்தேன். கடைசி வரி தனியாக நின்றதால் விரல் அங்கே போய்விட்டது. "இதோ, இதான்" என்றேன். நீ குனிந்து பார்த்தாய். உள்ளே போய்க் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தாய். குழு இதனை மேற்கொண்டு வலியுறுத்த விரும்பவில்லை என்கிற வரிக்கு. நான் ஏதோ வேலை இருக்கிறதென்று எழுந்து வந்துவிட்டேன்.

கோட்ட அதிகாரியின் விசாரணை முடிந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நீ அதன்பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. தைக்குத் தை பார்த்துக்கொண்டோம், பேசினோம், சண்டை போட்டோம். செம்பரம்பாக்கம் தண்ணீர் பட்டணத்துக் குழாயில் வர ஆரம்பித்த பிறகு, என் குவார்ட்டர்ஸுக்கு வந்தால் நீ தண்ணீர் குடிக்க மாட்டாய். சோடா வாங்கிவரச் சொல்வாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. நம் ஊர் வயலெல்லாம் கம்பெனியானது, உன் மகள் அங்கே வேலைக்குப் போனாள், நான் ஓய்வு பெற்றுத் தண்டலத்துக்கு வந்தேன். ஒவ்வொரு முறை நீ சிரிக்கும்போதும் எனக்குள் அந்தப் பொய் உறுத்தும். அடுத்த முறை சொல்லிவிடலாம், அடுத்த முறை என்று இத்தனை வருஷம் தள்ளினேன்.

சரி, திறக்கிறேன்.

திறந்துவிட்டேன். பத்தொன்பதாம் பக்கம் தானாகவே விரிகிறது. கடைசி வரியில் நீ வைத்த பொட்டு இருக்கிறது, காய்ந்து பழுப்பாகி, கிட்டத்தட்ட உதிர்ந்துவிட்டது. அதன்மேல் நீ திரும்பப் பொட்டு வைக்கவில்லை. மூன்று வரி மேலே வேறொரு இடத்தில் குங்குமம் தடிமனாக இருக்கிறது, வருஷா வருஷம் வைத்தது. விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தேன். "ஒரு நபர்" என்று நான் அடித்தது இருக்கிறது. அதன் மேல் பென்சிலில், பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டைக் கையெழுத்தில், ஏழுமலை என்று எழுதியிருக்கிறது.

உன் மகளுக்குப் போன் செய்தேன். பஸ்ஸில் இருந்தாள், சத்தத்தில் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. "ஆமா பெரியம்மா, நான் எழுதினதுதான். ஏழாவது படிச்சுகினு இருந்தேன். அம்மா அந்தப் பக்கத்தப் படிக்கச் சொன்னாங்க, படிச்சேன். மாமா பேரு இல்லம்மான்னேன். அப்புறம் எங்க வரணும் அவன் பேருன்னு கேட்டு, பென்சில எடுத்தாந்து எழுதச் சொன்னாங்க."

"எங்கிட்ட ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன்.

"அம்மாதான் சொல்லாதேன்னாங்க. 'டைப்பு எனக்குக் காட்டசொல்ல அவ வெரலு நடுங்கிச்சுடி. பாவம், வுடு'ன்னாங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் நீ தெரிந்துகொண்டே என்னை டைப்பு என்று கூப்பிட்டிருக்கிறாய். நான் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறைத்தது நீ. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அப்புறம் முகம் கழுவிவிட்டு வந்து பேனாவை எடுத்தேன். அந்தப் பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், என் சுருக்கொப்பத்தைப் போட்டிருக்கிறேன். இனி அது செல்லும்.